தையல் மெசின் என்று பெயர் வாங்கிய கார்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை காலமை.

என் அன்பு மகள் ரூபிகாவுக்கு,

அப்பாவின் வலது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் எல்லாமும் சுகம். உன் சுகத்தை நாளுக்கு எத்தனை தரம் போனில் கேட்டாலும் பேப்பரில் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது, ஆகவே கேட்கிறேன், சுகமா குஞ்சு, அங்கே குளிர் குறைந்துவிட்டதா, இருமல் நின்றதா.

இன்று காலமை எழும்பி முகம்கூடக் கழுவ முதல் நான் செய்த வேலை, ஹவுஸ்கோட்டோடு லிஃப்டில் இறங்கிப்போய்க் காரை வெளியே எடுத்ததுதான். ஓம், நான்தான், உன் அம்மாதான். நீ போன கிழமை போனில் அப்பாவோடு சேர்ந்துகொண்டு, வித்துப்போடுங்கோ அப்பா, அம்மாவுக்குக் காலி வீதியைக் கடக்கவே ஒரு ஆள் கைபிடிக்க வேணும், அவவுக்கு எதுக்கு அந்தக் கார் என்று சொன்னாயே, அப்போது நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார். நல்லகாலம், நாளைக்குக் கீழ்வீட்டு ரிஸ்லா மன்செஸ்டருக்குத் திரும்புகிறாள், உனக்கு வறுத்த மிளகாய்த்தூளும் கொஞ்சம் ஒடியல் மாவும் கட்டியிருக்கிறேன், இந்தக் கடிதத்தை அந்தப் பார்சலுக்குள் வைக்கிறேன்.

எங்கள் தரிப்பிடம் எப்படியென்று உனக்குத் தெரியும்தானே, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு கார், உள்ளே ரிஸ்லாவின் வாப்பா ஷரீப் நானாவின் வான், வாசல் பக்கம் எங்களது. எங்களது வெளியே வந்தால்தான் அவர் கடைக்குப் போகலாம். மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் கார்த் திறப்பை வாசல் காவலுக்கு நிற்கிற பிறெடியிடம் கொடுத்து வைப்பார்கள், அவர் எடுத்து நகர்த்துவார், ஆனால் உன் அப்பா கொடுக்கமாட்டார், என்ர சீற்றில இன்னொருத்தன் இருந்தா சீற்றின்ர அமைப்பே மாறிப்போடும் என்பார், ஒவ்வொரு விடியலும் சாரத்தோடு தானே இறங்கிப்போவார். களுபோவில ஆசுப்பத்திரியில் முழங்கால் ஒப்பரேசன் முடிந்து வந்த அடுத்தநாள் விடிய ஷரீப் நானா வாசல் மணியை அடித்து, தங்கச்சி, குறை நினைக்க வேணாம், வானை எடுக்கணும் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அப்பா கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். கலியாணம் முடித்த புதிதில் எடுத்து, ஒருநாளும் றோட்டில் பாவிக்காமல், ஒழுங்காகப் புதுப்பித்து மட்டும் வைத்திருந்த லைசென்ஸ் ஒன்று என்னிடம் இருப்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வெளியில எடுத்து, அந்த மனிசன் போனதும் உள்ள விடும், அவ்வளவுதான், றிவேர்ஸ் எடுக்கேக்க பிறெடியைப் பின்னால நிற்கச் சொல்லும், வேற ஒண்டும் செய்யாதையும் என்று அப்பா திறப்பைத் தந்தார், தாலி கட்டினபோதுகூட அவர் இத்தனை நிபந்தனை போடவில்லை.

வெளியே எடுத்தேன். ஷரீப் நானாவும் போய்விட்டார். நான் திரும்ப உள்ளே விடப் பார்க்கிறேன், மாநகரசபைக் குப்பை லொறி பின்னால் வந்து நின்று ஹோர்ன் அடிக்கிறது. லொறிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வான், அதற்குப் பின்னால் ஒரு ஓட்டோ. றிவேர்ஸ் எடுக்க இடமில்லை. பிறெடி இரண்டு கையையும் கடல் பக்கம் காட்டி, முன்னுக்குப் போங்க மிஸ், முன்னுக்குப் போங்க, கடவுளே போங்க என்று கத்துகிறார். போனேன். ஒழுங்கை முடிந்தது, மரைன் டிரைவ் வந்தது. வலப்பக்கம் திரும்பினால் வருகிற வாகனங்களுக்குக் குறுக்கே போக வேண்டும், இடப்பக்கம் என்றால் ஒருவருக்கும் தொந்தரவில்லை, எனவே இடப்பக்கம் திரும்பினேன். வாழ்க்கை முழுக்க நான் அப்படித்தானே திரும்பியிருக்கிறேன் என்று அப்போது நினைக்கவில்லை, பிறகு மா குழைக்கும்போது நினைத்தேன்.

ரூபி, அந்த நேரத்து மரைன் டிரைவ் காலியாகக் கிடந்தது. கடல் அப்போதுதான் சாம்பல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மெல்ல அக்சிலேற்றரை அழுத்தினேன், கார் உடனே போகவில்லை. அந்தச் சின்ன எஞ்சின் ஒரு மூச்சு யோசிக்கும். கேட்டது உண்மையாகவே நீதானா, நல்லாத் தெரிந்துதான் கேட்கிறாயா என்பது மாதிரி ஒரு மூச்சு. பிறகு டேர்போ பிடித்ததும் முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவது மாதிரி ஒரு தள்ளு! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தனியாக, ஹவுஸ்கோட்டோடு, ஒரு காலில் என் செருப்பு மறுகாலில் உன் பழைய செருப்பு. அப்போது பார்த்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் வந்தது. அது ஓட நான் ஓட, மிதிபலகையில் தொங்கியபடி நின்ற சனம் கை காட்ட, நானும் ஒரு கையை எடுத்துக் காட்டிவிட்டுப் பயந்து திரும்ப ஸ்டியறிங்கைப் பிடித்தேன். அந்தச் சிரிப்போடேயே வீட்டுக்கு வந்தேன். அப்பா ஏன் இவ்வளவு நேரம் என்றார். குப்பை லொறி என்றேன். அது பொய்யில்லைத்தானே.

அடுத்தநாள் லொறி வரவில்லை, ஆனாலும் நான் போனேன். அதற்கடுத்த நாளும். இப்போது ஷரீப் நானா போனபிறகு ஒரு சுற்று என்பது எனக்குத் தேத்தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. வலப்பக்கமும் திரும்புவேன், கொள்ளுப்பிட்டிவரை போவேன். அந்தக் காரின் குணமெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். எங்கள் வாசல் சரிவில் நேரே ஏறினால் மூக்குத் தட்டும், கொஞ்சம் சரித்து ஏற வேண்டும். சிவப்பு லயிற்றில் நிற்கும்போது ஸ்டியறிங் உள்ளங்கைக்குள் மெல்லத் துடிக்கும், நித்திரை கொள்ளுகிற பூனையின் நெஞ்சில் கை வைத்த மாதிரி. முந்தவேண்டும் என்றால் ஆசைப்பட்ட பிறகு அழுத்தினால் பிந்திவிடும், ஆசை வரப்போகிறது என்று தெரிந்தவுடனேயே அழுத்த வேண்டும். இத்தனை வருசம் பக்கத்து சீற்றில் மடியில் ஹான்ட்பாக்கோடு இருந்தேன், இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

ஜனா சித்தப்பா இந்தக் காரை எவ்வளவு நக்கலடிப்பார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவரிடமும் அதே கார், அதே வெள்ளை, அதே பதிந்த உடம்பும் சரிந்த முதுகும், அவருடையதில் பெரிய எஞ்சின், எங்களுடையதில் வரி குறைவென்று அப்பா எடுத்த சின்ன எஞ்சின். பார்வைக்குப் பந்தயக் குதிரை, உள்ளுக்குத் தையல் மெசின் என்று கண்ட கண்ட விசேஷ வீடெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்பா பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குப் போய்ப் பெரிய எஞ்சின் காருக்குரிய சிவப்பு எழுத்துகளை வாங்கிவந்து எங்கள் காரின் பின்பக்கம் ஒட்டினாரே, ஞாபகமா? அதையும் ஜனா கண்டுபிடித்து, அண்ணை, தையல் மெசினுக்குப் பொட்டு வைச்சிட்டார் என்று சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார், ஆனால் அன்று இராச்சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதை. என்னோடு படிப்பிக்கிற மாக்ரெட் ரீச்சரின் மகளுக்குக் கொட்டாஞ்சேனைச் சேர்ச்சில் கலியாணம். அப்பா டக்சி பிடிப்பம் என்றார். நான் காரை ஓடுறன் என்றேன். அப்பா கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். பிறகு, உமக்கு விசரே என்றார். ஓம் என்றேன். சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அப்பாவை ஏற்றுவதுதான் பெரிய பாடு, சீற் தரையோடு அவ்வளவு பதிவு, முழங்கால் மடிய மறுக்கிறது, ஒரு கையால் கதவையும் மறுகையால் என் தோளையும் பிடித்து, அம்மா அம்மா என்று முனகி முனகி இறங்கி இருந்தார். வழி முழுக்கத் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார், அந்த நோவுக் காலால்! பம்பலப்பிட்டியில் ஜனாவும் சித்தியும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள், ஜனா கண்ணாடியை இறக்கி, மச்சாள், சீலை தைச்சு முடிச்சாச்சோ என்று கத்திவிட்டுப் பறந்தார். காலிமுகத்திடல் தாண்ட, அதே கார் றோட்டோரம் லயிற்றுகள் மின்ன மின்ன நிற்கிறது, பட்டுச்சேலையோடு சித்தி நடைபாதையில் நின்று விசிறிக்கொண்டிருக்கிறா. காருக்கு ஒன்றுமில்லை பிள்ளை, பெற்றோல் இல்லை! மனிசன் கலியாணவீட்டு அவசரத்தில் அடிக்க மறந்துவிட்டார். ஓரமாக நிறுத்தி ஏற்றினேன். அந்த நெடிய மனிசன் பின் சீற்றில் முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு மடங்கி இருந்தார். நான் கண்ணாடியில் பார்த்து, ஜனா, தையல் மெசினுக்குள்ள இருக்கிறீங்கள், ஊசி கவனம் என்றேன். சித்தி சிரித்த சிரிப்பில் அவவின் கொண்டைப்பூ விழுந்துவிட்டது. நாலு பேரோடும் ஏசியோடும் அந்தச் சின்ன எஞ்சின் ஒரு மூச்சு யோசித்தது, பிறகு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்ச் வாசலில் விட்டது. இறங்கும்போது ஜனா மெல்ல, மச்சாள் நல்லா ஓடுறா அண்ணை என்றார். அப்பா, ஓம், ஒவ்வொரு நாளும் விடியப் பழகிறாதானே என்றார்.

தெரிந்திருக்கிறது! வீட்டுக்கு வந்து எப்படியென்று கேட்டேன். மரைன் டிரைவ் மூலையில எஞ்சின் திரும்பிற சத்தம் படுத்துக்கிடக்கிற எனக்குக் கேக்காதோ என்றார். முதல்நாள் பயந்தாராம், பிறகு அந்தச் சத்தம் திரும்பி வரும்வரை காது கொடுத்துக் கிடந்தபடி, இப்ப தெஹிவளைக்குப் போயிருப்பா, இப்ப திரும்பியிருப்பா என்று தானும் கூடவே ஓடினாராம். கோபமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகும், சனிக்கிழமை தெமட்டகொடையிலிருந்து ராசிக் வருவான், சொன்னது சொன்னதுதான் என்றார். உமக்கு உயரமான சின்னக் கார் ஒண்டு எடுப்பம், ஓட லேசு, எனக்கும் ஏறி இறங்க லேசு என்றும் சொன்னார். ராசிக் வாகனம் வாங்கி விற்கிற தங்கமான பொடியன், அப்பா அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் சொல்வதில் பிழையில்லை, அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. அந்தப் பதிவு சீற்றுக்குள் இறங்கும்போது அவருக்கு நோவதைவிடத் தன் காருக்குள் தன்னை இன்னொருவர் இறக்கிவிட வேண்டியிருக்கிறதே என்பதுதான் கூட நோகிறது என்று எனக்கு விளங்காமலா?

செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டு, கீழ போய் அந்தச் சிவப்பு எழுத்தைக் கழட்டும், வாங்கிறவனை ஏமாத்தக்கூடாது, எனக்குக் குனிய ஏலாது என்றார். தலைமயிர் காய வைக்கிற உன் மெசினைக் கொண்டுபோய்ச் சூடு காட்டி, பல்லிடுக்கு நூலால் ஒவ்வொரு எழுத்தாக அறுத்து எடுத்தேன். அவர் பிறெடியின் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தும் வந்தபிறகு துணியால் துடைத்தேன், வெள்ளை வெறுமையாக, சுத்தமாக இருந்தது. அப்பா கனநேரம் பார்த்துவிட்டு, இப்பதான் வடிவு, இல்லையோ என்றார். விற்கப்போகிறவர் அப்படிச் சொல்வாரா, நீயே சொல். அந்த இடத்திலேயே நான் முடிவெடுத்துவிட்டேன், ஆனால் சொல்லவில்லை.

சரி, ரிஸ்லா பெட்டி கட்டுகிறாள், முடிக்கவேணும். மிளகாய்த்தூளைப் போத்தலில் போட்டு இறுக்கி மூடி வை, காற்றுப்பட்டால் மணம் போய்விடும். வேலை வேலையென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீயும் அங்கே கார் ஓடப் பழகு, பயமென்றால் முதலில் இடப்பக்கம் மட்டும் திரும்பு, மற்றது தானாக வரும். பிள்ளையார் உனக்கு முன்னாலும் பின்னாலும் வரட்டும், போகிற இடமெல்லாம் உனக்குப் பச்சை லயிற் எரியட்டும் என் செல்லம்.

இனி முடிவு. அப்பாவுக்குத் தெரியாது, ஷரீப் நானாவுக்குத் தெரியாது, இனி உனக்கு மட்டும் தெரியும். நாளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ராசிக்குக்கு நானே போன் எடுத்து, தம்பி, கார் விற்பனைக்கு இல்லை, அவர் சொன்னது சொன்னதுதான், மாறினது நான் என்று சொல்லப்போகிறேன், அப்பாவின் வாக்குக் கெடவேண்டாம், கெட்டபெயர் எனக்கு இருக்கட்டும். பழைய மெத்தையை அறுத்து இந்தக் கிழமை முழுக்க ஒரு தடித்த குஷன் தைத்தேன், சாமியறைக் கதிரைக்கு என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அது இடப்பக்க சீற்றுக்கு. நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்து நானே ஏறியிருந்து, கால் மடிக்காமல் இறங்கிப் பார்த்தேன், சரி வருகிறது. சனிக்கிழமை விடிய ஷரீப் நானா போனதும் நான் காரை உள்ளே விடப்போவதில்லை. அப்பாவை மேலிருந்து கூட்டிக்கொண்டுவந்து அந்தக் குஷனில் இருத்தி, தெற்கு அதிவேக வீதியில் காலி நகரம்வரை போகப்போகிறேன். அந்த நீளத்துக்கு ஒருநாளும் அழுத்திப் பார்க்கவில்லை. ஒரு மூச்சு யோசிக்கும், யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் மெசினின் சாரதியும் உன் அம்மாவுமான
உஷாந்தி