என் கால் அளவில் வாங்கிய ஷூ

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய், கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டில் முதல் டிகிரி வாங்கியவள் நான்தான், ஆனாலும் பேச எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். மாதனூரில் நானும் அப்பாவும் சுகம், கோயம்புத்தூர் விடுதியில் நீயும் சாப்பாடு தூக்கம் குறையாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி. ஷூ கம்பெனி பஸ் ஆறரைக்கே வந்துவிடுவதால் எனக்குத்தான் காலையில் பேஜார்.

வேலூர் ஓட்டப் பந்தயத்துக்கு அந்த ஷூவை உனக்குச் சொல்லாமல் வாங்கினேன். கம்பெனியில் புது ஷூவைப் போட்டு ஃபிட்டிங் பார்ப்பது என் கால், உனக்கும் எனக்கும் ஒரே அளவு, அந்தப் பெருமையில் உன்னைக் கடைக்குக்கூட அழைத்துப் போகவில்லை. ஃபிட்டிங் பார்க்க எங்களுக்கு மெல்லிய நைலான் சாக்ஸ் தருவார்கள், பழக்கத்தில் கடைக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன். ஷூ கச்சிதமாக இருந்தது. பிறகு உன் காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆம்பூர் பஜாரில் தடியான பருத்தி சாக்ஸ் வாங்கினேன். அந்த ஷூவுக்குள் அதற்கு இடம் ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பந்தயத்தில் இரண்டு சுற்று மிச்சம் இருக்கும்போது நீ நொண்டிக்கொண்டு வெளியே வந்தாய். கோச் ஷூவைப் பற்றிக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஷூல ஒரு குறையும் இல்ல சார், இவளுக்குத்தான் தம் பத்தல" என்றேன். பேசத் தெரியாதவளுக்கு அன்றைக்கு மட்டும் வாய் வந்தது. நீ ஷூவையும் விட்டுவிட்டு விடுதிக்குக் கிளம்பிய பிறகுதான் அழுக்குத் துணியில் அந்த சாக்ஸைப் பார்த்தேன், வியர்வை ஊறி விரல் பக்கம் சுருண்டு, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. துவைத்து அதையே மாட்டி, அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியத்துக்குள் நடக்க முடியவில்லை. எங்கள் சூப்பர்வைசர் வஜீதா அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னா பாக்யா, ஊர் காலுக்கெல்லாம் ஃபிட்டிங் பார்க்கிற, பெத்த பொண்ணு கால ஒரு தடவ பார்க்கலியா" என்றார்.

நாலு மாதமாக நீ மைதானத்துக்கே போகவில்லை என்று உன் அறைத் தோழி சஹர் சொன்னாள். உனக்கு தம் இருக்கிறது கண்ணு, தப்பு என்னுடையது. கோச்சுக்கும் போன் செய்து அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டு ஜோடி சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன், வியர்வை தங்காத துணி, விரல் பக்கம் தையல் உறுத்தாது, குதிகாலில் சரியாக உட்காரும். பந்தயத்தன்று புதுசு போடாதே, நாலைந்து நாள் போட்டுப் பழக்கிக்கொள். பையில் காய்ந்த ஜோடி ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் நீ நன்றாக இரு, உன் கால் நோகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்யலட்சுமி

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். சாயங்காலம் கால் சற்றுப் பருத்திருக்கும் நேரத்தில் இந்த சாக்ஸைப் போட்டு, இதோடு வைத்திருக்கும் வெள்ளைத் தாளில் நின்று, இரண்டு காலையும் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு. அதில் எனக்கு ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம், உன் கால் மட்டும் போதும்.