ஒத்துழைக்கவில்லை

மார்ச் 4
ஏழாம் அறைத் தாத்தாவைக் குளிப்பாட்டப் போனேன். துண்டை நனைத்துக்கொண்டு கிட்டே போனதுதான் தாமதம். "எங்க ஆளு யாராச்சும் இருந்தா அனுப்பு. இந்தக் கறுப்புக் கை என்மேல படக்கூடாது."

இந்த முதியோர் இல்லத்தில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். வலியில் திட்டுவார்கள், உடனே மறந்துவிடுவார்கள். இவருக்கு வலியும் இல்லை, மறதியும் இல்லை. நிதானமாகச் சொன்னார்.

ஒவ்வொருவரையும் கவனித்த விவரம் எழுதும் குறிப்பேட்டில் இதை என்னவென்று எழுத என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "ஒத்துழைக்கவில்லைன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க." போட்டேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டுமே.

மார்ச் 5
ஊரிலிருந்து வீட்டுக்காரர் போனில், "வேலை எப்படிப் போகுது?" என்றார். நல்லா போகுது என்றேன். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அவர்தான் என்ன செய்வார்?

மார்ச் 9
கை கழுவினேன். திரும்பவும் கழுவினேன். சனியன், அழுக்கா இது?

மார்ச் 12
பழைய குறிப்பேடுகளை அலமாரியில் அடுக்கச் சொன்னார்கள். ஏழாம் அறைப் பக்கங்களைப் புரட்டினேன். ஒத்துழைக்கவில்லை. ஒத்துழைக்கவில்லை. ஐந்து பேர் கையெழுத்து. ஐந்து பேரும் என் நிறம்தானாம், ஐந்து பேரும் வேலையை விட்டுப் போனவர்களாம். சமையற்காரம்மா சொன்னார்.

சேர்ந்த புதிதில் நானும் இதையெல்லாம் படித்தேனே — சரியான பிடிவாதக்காரர் போல என்று சிரித்தேனே! ஒருத்தியாவது உள்ளதை எழுதி வைத்திருக்கக் கூடாதா?

நீ மட்டும் என்னடி கிழித்தாய்?

மார்ச் 13
இன்றும் அதே பேச்சு. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.

"இதை அடிச்சிடு, குடும்பத்துக்காரங்க பார்ப்பாங்க. வேலை வேணுமா வேணாமா உனக்கு?" என்றார் மேற்பார்வையாளர். "கால் வலிக்குதுன்னு அவர் சொன்னா மட்டும் அப்படியே எழுதச் சொல்றீங்களே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் எழுதியதை அடிக்கவில்லை.

மார்ச் 20
ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கூட வேலை செய்பவர்கள் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. அழுகையாக வருகிறது. யாரிடம் போய் அழ?

ஏப்ரல் 2
நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாமாம்.

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என் நிறம். குறிப்பேட்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மளமளவென்று புரட்டியவர் ஏழாம் அறையில் நின்றுவிட்டார்.

"இது நீ எழுதினதாம்மா?"

"ஆமாக்கா."

குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, குளிப்பாட்டும் துண்டை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைப் பக்கம் திரும்பினார்.

"வா, ரெண்டு பேருமா போவோம்."