தெரேஸ் சொன்ன பதில்

மார்ச் 6, 1955. ஞாயிறு.

பூசை முடிந்து, முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை வகுப்பு. என் மகள் தெரேஸ் புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் உபதேசியார் அவளிடம், "நீ வேதக்காரப் பொண்ணுதானேம்மா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை" என்றாளாம். வெளியே அனுப்பிவிட்டார்.

போய்க் கேட்டேன். "உங்க பொண்ணு வாயாலேயே இல்லைன்னு சொல்லிடுச்சே. ஞானஸ்நானச் சீட்டைக் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

"ஹனோய் பக்கம் சண்டையில கோவிலோட எரிஞ்சு போச்சுங்க."

"வீட்டம்மாவும் அந்த நாட்டுக்காரங்க. நாங்க எதைத்தான் நம்பறது?"

எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதிலைப் பாடம் பண்ண வைத்தவன் நான். அங்கே துப்பாக்கியோடு வழி மறித்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள், கிறிஸ்தவர்களா என்று. கப்பல் ஏறும்வரை நான்கு இடங்களில் கேட்டார்கள். நான்கு இடத்திலும் பிசகாமல் இல்லை என்றாள். ஆமாம் என்று சொன்ன என் மைத்துனன் அந்தச் சாலையிலேயே கிடந்தான். புதைக்கக்கூட நிற்கவில்லை. காரைக்கால் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கப்பல் முழுக்கச் செபம் சொன்னோம். நல்ல ஊருக்குத்தான் வந்து சேர்ந்தோம்.

உபதேசியாரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேதத்தை மறுதலித்த குடும்பம் என்று அதற்கும் ஒரு பெயர் வைப்பார்.

சற்று முன் பாயில் படுத்திருந்தவளிடம் சொன்னேன். "இனிமே யார் கேட்டாலும் ஆமாம்னு சொல்லணும், என்ன?"

"மாமாவைக் கேட்டவங்க வந்து கேட்டாலுமாப்பா?"

விளக்கைத் தணித்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்னும் தூங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.