ராசிபுரத்தில் பார்த்த வீடு

மத்திய சிறை, சேலம்
12.1.2025

அன்பு மணிக்கு,

பொங்கலுக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தால் நல்லது. பிந்தி வந்தால், நீ வைத்த பொங்கலில் எனக்கும் ஒரு வாய் எடுத்து வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சேதி இதுதான். தண்டனைக் கழிவெல்லாம் போகச் சித்திரையில் என்னை விட்டுவிடுவார்களாம். அதிகாரி கூப்பிட்டு, "வெளிய போய் எங்கப்பா இருப்ப?" என்று கேட்டார். தோட்டத்துக்குத்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. அண்ணி உயிரோடு இருக்கிறவரை நான் அந்த வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று ஊரில் பேசி முடித்ததை அப்புறம்தான் நினைத்தேன். அவர்கள் பெற்ற மகனைக் கொன்றவன் பக்கத்துக் காட்டில் நடமாடினால் அவர்களுக்கும் சகிக்காது. அது எனக்குப் புரிகிறது.

அதனால் நாம் இருவரும் இருக்க ஒரு வாடகை வீடு பார். சின்ன ஊராக இருக்கட்டும். திருச்செங்கோடு வேண்டாம், தேர் நோன்பிக்கு நம் சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். சேலமும் வேண்டாம், இந்த மதில் கண்ணில் படும்.

வீடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். இங்கே தாழ்ப்பாள் எல்லாம் வெளியில்தான். ராத்திரியில் விளக்கை அணைக்க முடிய வேண்டும். இத்தனை வருஷமும் தலைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, மணி. வெயில் உள்ளே வருகிற மாதிரி ஒரு ஜன்னல். நான் படுத்துக்கொண்டே நீ சமைக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன்
கந்தவேல்

*

கிழக்குத் தோட்டம், வையப்பமலை வழி
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு வசந்தாமணி எழுதுவது.

மாட்டுப் பொங்கலன்று கடிதம் வந்தது. தபால்காரர் எங்கிருந்து வந்திருக்கிறது என்றே தெரியாதவர் மாதிரி நீட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, பயப்படும்படி இல்லை. நம் மகள் தனப்பிரியாவிடம் நீங்கள் வருகிற சேதியைப் போனில் சொன்னேன். "சரிம்மா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

முதலில் நாமக்கல்லில் பார்த்தேன். அங்கே பாதி வீடுகளில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரம்மா, "ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று கேட்டது. வெளியே இருக்கிறார் என்றேன். "வெளிநாடுங்களா?" என்று கேட்டது. சேலம் என்றேன். அந்தம்மா சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

சங்ககிரியில் ஒன்று. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் லாரிப் பட்டறை, விடிந்ததிலிருந்து தகரத்தை அடிக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். அதற்கு நீங்கள் இருக்கிற இடமே தேவலை. இன்னும் பார்க்கிறேன்.

நான் வீடு பார்க்கிற வரைக்கும் நீங்கள் எனக்காக ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் அண்ணிக்கு ஒரு கடிதம் போடுங்கள். மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம், அதெல்லாம் அக்காவுக்கு உதவாது. அன்றைக்குக் கூட்டுக் கிணற்றில் யோகேஷ் முறை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

நம் முறைத் தண்ணீரை அவன் திருட்டுத்தனமாகப் பாய்ச்சினான், தடுக்கப் போன இடத்தில் மண்வெட்டி பட்டுவிட்டது என்று கோர்ட்டில் சொன்னீர்கள். வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார். தண்டனையும் குறைந்தது. நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் திருட்டுப் பட்டம் செத்தவன்மேல் ஒட்டிக்கொண்டது. இருபது வயசுப் பையன், மாமா. நம் வீட்டுச் சோற்றையும் தின்று வளர்ந்தவன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்தாமணி

*

மத்திய சிறை, சேலம்
16.2.2025

அன்பு மணிக்கு,

சங்ககிரி வேண்டவே வேண்டாம். நாமக்கல்லும் வேண்டாம், அங்கே ஆளை அளந்து பார்ப்பார்கள். ராசிபுரம் பார்த்தாயா? சந்தை இருக்கிறது, பஸ் இருக்கிறது, யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. கடைவீதியை விட்டுத் தள்ளிப் பார். மாடி வேண்டாம், உன் முழங்காலுக்கு ஆகாது. கொசு வருமா என்று கேள். தண்ணீர் குழாயில் வருகிறதா என்று கேள்.

இங்கே சமையல் கட்டில் போட்டிருக்கிறார்கள். என் ரசத்தை ஒரு வார்டர் பாராட்டினார். வெளியே வந்தால் ஒருநாள் உனக்கு வைத்துத் தருகிறேன்.

நீ எழுதின மற்ற விஷயம் வேண்டாம். இங்கிருந்து போகிற கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் விடுவார்கள். விடுதலை ஆகிற நேரத்தில் நான் எதையாவது எழுதி வைத்து, அது வேறு மாதிரி ஆகிவிட்டால்? இதையெல்லாம் நீ யோசிக்க வேண்டாமா?

அதோடு, அன்றைக்கு நம் முறைதான். முந்தின நாள் நம்முடையது. ஆனால் மும்முனைக் கரண்ட் கொஞ்ச நேரம்தான் வந்தது, மோட்டார் பாதியில் நின்றுபோனது. குச்சிக்கிழங்கு பாதிக் காடு காய்ந்து கிடந்தது உனக்கே தெரியும். அந்த மிச்சத் தண்ணீர் நமக்கு வர வேண்டியதுதானே? அதைச் சொல்லத்தான் போனேன். "அதெல்லாம் கெடையாது சித்தப்பா" என்று சிரித்தான். சிரிக்காமல் சொல்லியிருந்தால்கூட நான் திரும்பி வந்திருப்பேன்.

இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம். வீட்டைப் பார்.

கந்தவேல்

*

கிழக்குத் தோட்டம்
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வீடு கிடைத்துவிட்டது. ராசிபுரம்தான். பஸ் இறங்கி நடந்து போகலாம், ஆனால் சந்துக்குள் இருப்பதால் சத்தம் வராது. உண்ணாமலை என்று ஒரு அம்மா, தனியாக இருக்கிறார்கள். முன்வீட்டில் அவர்கள், பின்வீடு நமக்கு. இந்த முறை நான் மறைக்கவில்லை. ஜெயிலிலிருந்து வருகிறார், கொலைக் கேஸ் என்று சொல்லிவிட்டேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு, "குடிப்பாருங்களா?" என்று கேட்டார்கள். இல்லைங்க என்றேன். "அப்பறம் என்ன சாமி, கூட்டியாங்க" என்றார்கள்.

ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, தனிக் குளியலறை. கிழக்கே ஜன்னல். காலை வெயில் கட்டில்மேல் விழும். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, புதுசு போடச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வந்தேன். படுத்த இடத்திலிருந்தே கை எட்டுகிற மாதிரி விளக்கு சுவிட்சை மாற்றி வைத்திருக்கிறேன். எலக்ட்ரீசியன் எதற்கு என்று கேட்டான், அவருக்கு வேண்டும் என்றேன். கட்டில், பாய், ஒரு தலையணை, போர்வை, ஒரு தட்டு, டம்ளர், ரசச் சட்டி எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. வேலை முடிந்து அந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே மனசு வரவில்லை. எனக்கும் அங்கே இருக்க ஆசையாகத்தான் இருக்கிறது, மாமா. இதை ஒளிக்க மாட்டேன்.

அதனால்தான் மறுபடி கேட்கிறேன்.

போன வாரம் மாரியம்மன் நோன்பி. பந்தியில் அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் இரண்டு பேர் வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை. ஒருவன் சொல்கிறான், "முத்தாயம்மா பையனாட்டத் திருட்டுத் தண்ணி பாச்சுனா மண்வெட்டிதான் பேசும்" என்று. அக்கா எதிரில் இருப்பதைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் அங்கேயே எழுந்து நின்று, அன்றைக்கு யோகேஷ் முறை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. "புருசன் வாரப்ப இவளுக்கு அங்க போகப் பிடிக்கல, அதான் காட்டிக் குடுக்கறா" என்று என் காதுபடச் சொன்னார்கள். நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள். நான் எத்தனை முறை சொன்னாலும் எடுபடாது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம், "பையன் போனதக்கூடத் தாங்கிக்கிட்டேன் வசந்தா. களவாணின்னு ஆக்கிப்போட்டாங்களே, அதத்தான் முழுங்க முடியல" என்றார்கள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. எட்டு வருஷமாக ஒருநாளும் சொன்னதில்லை.

மிச்சத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கிணற்றில் மிச்சம் என்று ஒன்று எப்போது இருந்தது? விடிந்தால் முறை மாறும். கரண்ட் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைய முறை அன்றோடு போயிற்று. உங்கள் அப்பா போட்ட ஏற்பாடு. எத்தனையோ தடவை அவர்கள் முறையில் கரண்ட் நின்றுபோய், உயிரோடு இருந்தபோது உங்கள் அண்ணனும் சரி, யோகேஷும் சரி, மறுநாள் நம்மிடம் வந்து கேட்டார்களா?

அந்த ஒரு வரியை எழுதி அக்காவுக்கு அனுப்பிவிட்டால் நான் ராசிபுரத்துக்கு வருகிறேன். எழுதாவிட்டால் வர மாட்டேன். மிரட்டுவதாக நினைக்காதீர்கள். அப்படி வந்தால் எனக்கு அந்த ஜன்னல் ஓரம் உட்கார முடியாது.

வசந்தாமணி

*

மத்திய சிறை, சேலம்
30.3.2025

அன்பு மணிக்கு,

வீட்டைப் பற்றி நீ எழுதினதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். சுவிட்சைக் கை எட்டுகிற இடத்தில் வைத்தாயே, அது உன்னால்தான் முடியும். பக்கத்துப் படுக்கைக்காரன் சின்னுசாமியிடம் வாசித்துக் காட்டினேன், கண் கலங்கிவிட்டான். ஒரு தலையணை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு வேண்டாமா?

ஏப்ரல் பதினாறு விடுகிறார்கள். நீ முந்தின நாளே போய்விடு. புதுசாகக் குடித்தனம் போகிற வீட்டில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நின்று பால் காய்ச்ச வேண்டும். நான் வந்ததும் காய்ச்சுவோம். நீ என்னோடு நாலு நாள் இரு. மனசு அடங்கட்டும். அதன்பிறகு உட்கார்ந்து அண்ணிக்கு எழுதுகிறேன். முதலில் நீ வா. வந்தால் எழுதுகிறேன்.

கோபப்படாதே. என் பக்கமும் கொஞ்சம் பார். எட்டு வருஷம் இங்கே இருந்துவிட்டேன். நிலம், ஊர், மகள், எல்லாம் போனது. அன்றைக்கு நம் முறை என்பது ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால், அந்தப் பையனை நான் எதற்காக அடித்தேன் என்று என்னை நானே கேட்க வேண்டிவரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை, மணி. அதைக் கேட்டுக்கொண்டே எந்த வீட்டில் போய் நான் தூங்குவது?

வந்துவிடு.

உன்
கந்தவேல்

*

கிழக்குத் தோட்டம்
7.4.2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. கடைசிப் பாராவைப் படித்தபோது அழுதேன். உங்களுக்காகத்தான் அழுதேன். யார் முறை என்பது உங்களுக்கு அன்றைக்கே தெரியும், இன்றைக்கும் தெரிகிறது. அதை என்னிடம் எழுத முடிந்திருக்கிறது. அக்காவுக்கு எழுத மட்டும் முடியவில்லை.

இதையே அக்காவிடம் படித்துக் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வேண்டாம் என்று விட்டேன். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதினது அது. அதோடு, வந்தால் எழுதுகிறேன் என்று விலை பேசிப் போடுகிற வரி அவர்களுக்கு எதற்கு?

பதினாறாம் தேதி காலையில் விட்டதும் டவுன் பஸ் பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டு போங்கள். ராசிபுரம் பஸ் நிறைய உண்டு. சாவி உண்ணாமலை அம்மாவிடம் இருக்கிறது. நான் வர மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங் கண்ணு, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சுபோட்டு?" என்று கேட்டார்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன், அது பொய் இல்லை. பால் அவர்களே காய்ச்சித் தருவார்கள். அரிசி, பருப்பு, புளி டப்பாக்களில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை ஜன்னல் மாடத்தில் வைத்திருக்கிறேன், சாப்பிடுவதற்கு முன்னால் போட வேண்டியது. வேட்டி இரண்டும் உங்கள் பழைய சட்டையின் அளவுக்குத் தைத்த சட்டை மூன்றும் கட்டிலில் இருக்கிறது. இளைத்திருந்தால் தொளதொளவென்று இருக்கும், பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தேடி இங்கே வர வேண்டாம். ஊர்க்கட்டுப்பாட்டுக்காகச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். கடிதம் போடுங்கள், படிப்பேன். அக்கா பேருக்கு வந்தால் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேறு எதற்கும் பதில் எழுத மாட்டேன்.

எனக்கு ஒன்றும் குறையில்லை. அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எட்டு மாதமாகக் குனிய முடிவதில்லை. ஆள் வைத்தால் சரியாக வருவதில்லை. அதனால் கிணற்றில் இரண்டு வீட்டு முறைக்கும் நான்தான் மோட்டார் போடுகிறேன்.

நாளைக்கு அவர்கள் முறை. விடிந்ததும் போக வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.

வசந்தாமணி