பேரும் பிறந்த தேதியும்

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் ஓரமாகப் போட்டுவிடாதே. சண்டை பிடிக்க எழுதவில்லை. உன் நம்பருக்கு நாலு தடவை போட்டேன், அடித்து அடித்து நின்றுவிட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீயும் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் என் சேதி. நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலைக்கு ஆறு மாதப் படிப்பு இருக்கிறது, அதில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. நாற்பத்தொரு வயசில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போகிறேன். கூடப் படிப்பதெல்லாம் இருபது வயசுப் பெண்கள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது ஆன்ட்டி என்றதும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒரு மாதம் ரப்பர் கையில் குத்திப் பழகினோம். ஊசி கூடப் பழகிவிட்டது, வார்த்தைகள்தான் வாயில் நுழைவேனா என்கின்றன. டூர்னிக்கெட் என்றால் மேல்கையில் இறுக்கிக் கட்டும் பட்டை. ஹீமடோமா என்றால் குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து வீங்கி நீலம் பாரிப்பது. நாற்பது வார்த்தை மனப்பாடம் ஆகவேண்டும், அதற்குத் தனிப் பரீட்சை. எங்கள் மேடம் கொஞ்சம் கறார். ரத்தக்குழாயை யாராவது பழக்கதோஷத்தில் நரம்பு என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். "நரம்புல குத்துனா அந்த ஆளு துள்ளிக் குதிச்சு உன்னைக் குத்துவான். நீ தேடறது சிரை"ன்னு கத்துவார். ஆனால் நல்லவர். நீளமான வார்த்தையைக் கண்டு பயப்படாதே, வாலைப் பிடி என்று சொல்லித்தந்தார். 'ஈமியா' என்று முடிந்தால் ரத்தத்தில் என்று அர்த்தம். முன்னால் 'ஹைப்பர்' வந்தால் அளவுக்கு மேல். நான் நோட்டில் தமிழில் எழுதிவைத்துப் படிக்கிறேன்.

இனி அப்பா சேதி. பதினோரு நாளாக இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, செருப்புப் போட முடியாமல் வந்து சேர்ந்தார். கிட்னி என்கிறார்கள். அம்மா போனதற்கு நீ ஒரு நாள் தாமதமாக வந்தபோது, "எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு வந்தே, வந்த வழியே போ"ன்னு அப்பா வாசலிலேயே சொன்னாரே, நீயும் கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே திரும்பினாயே, அதற்கப்புறம் இந்த ஒன்பது வருஷத்தில் அவர் உன் பேரை எடுத்து நான் கேட்டதில்லை. நானும் எடுத்துக் கொடுத்ததில்லை. என் தப்புத்தான்.

வார்டுக்குப் பழக அனுப்பிய முதல் நாளே அப்பாவின் சீட்டு என் கையில் வந்தது. வேறு ஆள் போகட்டுமா என்று மேடம் கேட்டார். "என் பொண்ணே குத்தட்டும், மத்தவங்களுக்கு நான் எதுக்கு ரப்பர் கையா இருக்கணும்"னு அப்பா சொல்லிவிட்டார். எடுத்தேன், ஒரே குத்தில் கிடைத்தது. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய கை, சிரையெல்லாம் வெளியே தெரிகிறது. நான் பெருமையாக நிமிர்ந்தால், மேடம் ரத்தம் பிடித்த இரண்டு கண்ணாடிக் குழாயையும் வாங்கி நேராகக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஊசியைத் தொடுவதற்கு முன்னால், நோயாளி தன் பேரையும் பிறந்த தேதியையும் தன் வாயால் சொல்லவேண்டும். நாம் சொல்லி அவர் தலையாட்டினால் செல்லாது. அது மணிக்கட்டில் கட்டியிருக்கும் பேர்ப் பட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகவேண்டும். நான் கேட்கவில்லை. பெற்ற அப்பாவிடம் போய் உங்கள் பேர் என்ன என்று எப்படிக் கேட்பது? "சொந்தக்காரங்ககிட்டதான் இந்தத் தப்பு நடக்கும். தெரிஞ்ச முகம்னு பட்டையப் பாக்காம விடுவோம், சீட்டு மாறியிருக்கும்"னு மேடம் சொன்னார். அப்பாவுக்கு இரண்டாவது குத்து என்னால்தான்.

இப்போது தினமும் கேட்கிறேன். அவருக்கு அது பெரிய தமாஷ். "பக்கத்துக் கட்டில்காரரே பாருங்க, என் பேரு தெரியாமலே இவ்வளவு நாளா என் வீட்டுல சாப்பிட்டிருக்கா"ன்னு சொல்லி வார்டையே சிரிக்கவைக்கிறார். அப்புறம் ஒழுங்காகப் பேரைச் சொல்லி, இரண்டு, மூன்று, ஐம்பத்தொன்று என்று பிறந்த தேதியையும் சொல்கிறார்.

பதில் எழுத மனமில்லாவிட்டால் ஃபோனையாவது எடு.

உன் தங்கை,
குட்டி


அன்புள்ள அக்கா,

போன கடிதம் கிடைத்ததா தெரியவில்லை. கிடைத்தது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று என்று வந்தது. ஐந்தைத் தாண்டினாலே யோசிப்பார்கள். லேபிலிருந்து ஃபோன் செய்து, எடுத்தது படிக்கிற பெண்ணா, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். ஏன் என்று சொல்கிறேன். ஊசியை அவசரமாக இழுத்தாலோ குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ ரத்த அணு உடைந்துவிடும். அதற்கு ஹீமோலிசிஸ் என்று பேர். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, இல்லாத வியாதியை இருப்பதாகக் காட்டும். எங்கள் படிப்பில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. வகுப்பில் யாருக்காவது நடந்தால் மற்றவர்கள் ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

அக்கா, நான் தப்பாகத்தான் எடுத்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது தடவை மேடமே எடுத்தார். அதற்குள் நான் லேப் ஜன்னலுக்குப் போய், காலையில் நான் எடுத்த குழாயைக் காட்டச் சொன்னேன். அணு உடைந்திருந்தால் மேலே நிற்கும் நீர் ரோஸ் நிறத்தில் இருக்கும். அது வைக்கோல் நிறத்தில், அவ்வளவு தெளிவாக இருந்தது. லேப்காரர் நல்லாத்தான் எடுத்திருக்கீங்க என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மேடம் எடுத்ததில் ஏழு புள்ளி இரண்டு.

டாக்டர் கட்டிலருகே நின்று சின்ன டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். ஹைப்பர்கலீமியா. யூரீமியா. என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வால் புரிந்தது, தலையும் புரிந்தது. அந்த வாரம்தான் அதே பக்கத்தைப் படித்திருந்தேன். முதலாவது, அந்தப் பொட்டாசியம் ரத்தத்தில் அளவுக்கு மேல் இருப்பது. யூரீமியா என்றால் சிறுநீரில் போகவேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடுவது. மேலே ஏறினால் மூளையைக் குழப்பும் என்று நான் நோட்டில் பச்சை மையில் எழுதியிருக்கிறேன்.

ஊசியும் டிரிப்பும் போட்டுப் பொட்டாசியத்தை இறக்கினார்கள். இனி மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும், வாரத்துக்கு மூன்று நாள், இருக்கிறவரைக்கும் என்றார் டாக்டர். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்றார். "இன்ஜின் போன வண்டியத் தள்ளிக்கிட்டே எவ்வளவு தூரம் போறது. விடுங்க டாக்டர்"னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன். பிடிவாதம் உனக்குத் தெரியாததா, நீ அவரிடமிருந்துதானே வாங்கினாய்.

மறுநாள் ஊசி போடும்போது, "ரத்தம் என்னம்மா சொல்லுது?"ன்னு என்னைக் கேட்டார். ரிசல்ட்டை நாங்கள் சொல்லக் கூடாது, அதுவும் சட்டம். டாக்டர் சொல்வாருப்பா என்றேன். "பெரிய ஆளாயிட்டே"ன்னு கன்னத்தைத் தட்டினார். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்றைக்குப் பதினான்கு பேருக்கு எடுத்தேன், ஒன்றும் தவறவில்லை. அழுகை வரும் வரும் என்று பார்க்கிறேன், வரவில்லை. கையில் மரத்துப்போகும் மருந்து போட்டால் தொடுவது தெரியும், வலி மட்டும் தெரியாதே, அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வீட்டுக்காரர்தான் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். முடிந்தால் வா. அவர் திட்டினால் திட்டட்டும், பேச்சை நான் வாங்கிக்கொள்கிறேன்.

குட்டி


அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இரண்டு நாளில் உன் கையில் இருக்கும் என்றார் கூரியர் ஆபீஸ் பெண். அப்பாவுக்கு ஒரு வாரம், அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை பரீட்சை எழுதினேன். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. பெண்களெல்லாம் ஆன்ட்டி பார்ட்டி எப்போது என்று சுற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

இன்று காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நான் கட்டிலருகே போனபோது அப்பா கண்ணைத் திறந்துதான் இருந்தார். வணக்கம் சொன்னேன். பேர் கேட்டேன். சரியாகச் சொன்னார். பிறந்த தேதி கேட்டேன். பதினெட்டு, பதினொன்று, எழுபத்தாறு என்றார்.

உன் பிறந்த நாள், அக்கா.

பட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் ஊசி போடக் கூடாது. மறுபடி கேட்டேன். அதையே சொன்னார். உங்க தேதி சொல்லுங்கப்பா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவை சொல்றது நர்ஸம்மா? பதினெட்டாம் தேதி, காலைல ஆறே கால். நீங்கதான சொல்லி அனுப்புனீங்க, பொண்ணு பொறந்திருக்குன்னு. பஸ்ஸ ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்திட்டு ஓடியாந்திருக்கேன். உள்ள அம்பது பேரு உக்காந்திருக்காங்க. ஒரு தடவ புள்ளையக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிடறேன்"னு சொன்னார்.

இந்தக் கதை உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அம்மாகூடச் சொன்னதில்லை. ஆள் நிறைந்த பஸ்ஸை நடுவழியில் விட்டுவிட்டு இந்த மனுஷன் ஓடினார் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். ஸ்டாப் தாண்டி ஒரு அடி நிறுத்தமாட்டார் நம் அப்பா.

டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படிவத்தில் 'அடையாளம் ஒத்துப்போகவில்லை, எடுக்கப்படவில்லை' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். மேடம் அதைப் படித்தார். வார்டு நர்ஸை வைத்து ஆளை உறுதி செய்துகொண்டு, அவரே போய் எடுத்தார். என்னைக் கீழே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். போனேன், குடித்தேன், காசு கொடுத்தேன். டீ சூடாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மத்தியானம் திரும்பப் போனேன். வேலைக்காக இல்லை, மகளாக. நான்தாம்பா, குட்டி என்றேன். குட்டியா, யாரு என்றார். அன்றைக்கு நான் பிறக்கவே இல்லையே, அவர்மேல் என்ன தப்பு? வருத்தமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் நான். அவர் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஆள் யாராவது உள்ளே வந்தால் அவர்கள் முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் முதலில் பார்க்கிறார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று.

இப்போது அவரிடம் உனக்குக் கோபப்பட ஒன்றுமில்லை அக்கா. வாசலில் உன்னைத் திட்டிய ஆள் அங்கே இல்லை. அதை அவர் மறந்தே போய்விட்டார். நீ மறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது அந்தக் கோபத்தையும் எடுத்துக்கொண்டு போ, யாரும் கேட்கமாட்டோம். வந்து ஒரு தடவை அந்தக் கட்டிலருகே நில்.

சாயந்திரம் நான் கிளம்பும்போது மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேரமாகுது நர்ஸம்மா, ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க, இன்னும் எவ்வளவு நேரம்?"னு கேட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள், இதோ கொண்டுவந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னவள் நான். கொண்டுவர என்னிடம் பிள்ளை இல்லை. கிளம்பி வா.

குட்டி