அது அழுகை இல்லை, சார்

முதல்வர் சாருக்கு,

நேற்று உங்கள் வழியனுப்பு விழாவில் நான் அழுதேன் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. அது அழுகை இல்லை. கோடையில் புல் பூத்தால் எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும். யாரோ புண்ணியவான் நேற்றுக் காலைதான் புல்தரையை வெட்டி, அதிலேயே நாற்காலிகளைப் போட்டிருந்தார்.

மாத்திரை போட்டிருக்கலாம். போட்டால் கண் சொக்கும். நாம் சேர்ந்து எழுதிய பாடநூலைப் பற்றிப் பேசும்போது வழக்கம்போல் என் பெயரை விழுங்கிவிடுவீர்கள். அதை முழு விழிப்போடு கேட்க வேண்டும் என்றுதான் போடவில்லை.

சொன்னீர்களா, விழுங்கினீர்களா என்று இன்னும் எனக்குத் தெரியாது. சரியாக அந்த இடத்தில் அடுக்குத் தும்மல். நீங்கள் மேடையை விட்டு இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "டேய், அழாதடா! அப்புறம் நானும் அழுதுடுவேன்" என்றீர்கள். நீங்கள் முதல்வரான நாளிலிருந்து நமக்குள் 'சார்'தான். "அலர்ஜிடா" என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் தும்மல்தான் வந்தது. உங்கள் சட்டை பாழ்.

இன்று மாத்திரை போட்டேன். மூக்கு திறந்தது. மதியம் முழுக்க அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். நெஞ்சுகூட லேசாக இருக்கிறது. அந்தக் குணமும் இதற்கு உண்டா என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். "இது மூக்குக்கு மட்டும்தான் சார்" என்றார்.

ஊர் மாறிப் போகுமுன் ஒரு நடை வீட்டுக்கு வா. ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருக்கிறேன். ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடாதே. கதவைத் தட்டுடா.

இப்படிக்கு,
உன் பழைய விடுதி அறைத்தோழன்