7-அ கோட்டின் இருபத்துமூன்றாம் கட்டம்

அனுப்புநர்
காலஞ்சென்ற முதுநிலை ஆழ அளவையாளரின் மனைவி (வயது 76),
கதவு எண் 9, மாடி வீடு,
படகுத்துறைச் சாலை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நீர்ப்பரப்பு வரைபடத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: கழிமுகத்தின் புதிய கணினி வரைபடம் – கோடு 7-அ, கட்டம் 23 – ஆழம் பிழையாகக் காட்டப்படுதல் – சிறுவர் நீச்சல் பகுதி திறக்கப்படும் முன் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (1) எனது கடிதம், பிப்ரவரி 4. (2) தங்கள் அலுவலகத்தின் பதில், பிப்ரவரி 19: “பதிவேடுகளின்படி ஆழம் சரியே.”

மதிப்புக்குரிய ஐயா,

1. இது என் இரண்டாவது மனு. முதல் மனுவில் தங்கள் துறை ஒரு பள்ளத்தை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டதாகக் குற்றம் சாட்டியிருந்தேன். அக்குற்றச்சாட்டில் ஒரு பகுதியை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எந்தப் பகுதி என்பதை ஏழாம் பத்தியில் கூறியிருக்கிறேன். அதுவரை பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். கோரிக்கை மாறவில்லை. அவசரம் கூடியிருக்கிறது.

2. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் எங்கள் கழிமுகத்தின் ஆழத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நிறமும் ஓர் எண்ணும் கொடுத்துத் தங்கள் துறை சென்ற ஆண்டு இணையத்தில் வெளியிட்ட வரைபடத்தை நான் கைப்பேசியில் முழுமையாகப் பார்த்திருக்கிறேன். அதனுடன் உள்ள விளக்கக் குறிப்பின் பதினொரு பக்கங்களையும் படித்தேன். கலங்கிய நீரில் செயற்கைக்கோளின் பார்வை எட்டாது என்றும், அளவைக் கப்பல் ஆழம் குறைந்த மேடான பகுதிக்குள் நுழைய முடியாது என்றும், ஆகவே அப்பகுதிக்குத் துறையின் பழைய அளவை ஏடுகளே கணினியில் ஏற்றப்பட்டன என்றும் நான்காம் பக்கம் கூறுகிறது. அந்தப் பழைய ஏடுகளில் உள்ள ஆழங்களை அளந்தவர் என் கணவர்.

3. மணல்திட்டுக்கு இப்பால் உள்ள அந்த மேட்டுப் பகுதியைக் கயிறும் மிதவையும் கட்டி வளைத்து, எட்டு முதல் பன்னிரண்டு வயதுள்ள அறுபத்துநான்கு பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க ஏற்பாடாகியிருக்கிறது. திறப்பு இம்மாதம் 27, காலை ஒன்பது மணி. பெற்றோருக்கான விளக்கக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தங்கள் வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி, வெளிர்நீல நிறம் முழுவதையும் கையால் தடவியபடி நீச்சல் பயிற்சியாளர் சொன்னார்: “பயப்படாதீங்கம்மா, எந்த மூலையில நின்னாலும் இங்க இடுப்பளவுதான்.” எல்லோரும் சிரித்தார்கள்.

4. அந்த வெளிர்நீலத்தின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அகலமில்லை. சுற்றிலும் ஒரு மீட்டர் தண்ணீர். உள்ளே பதின்மூன்று மீட்டருக்கும் மேல். மேலே ஆற்று நீர் வெதுவெதுப்பாக நிற்கும், அடியில் கடலின் உப்பு நீர் பனிபோலக் கிடக்கும். படகுக்காரர்கள் அதைக் ‘கிணறு’ என்பார்கள். அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கம்பம் முப்பத்துநான்கு ஆண்டுகள் நின்றது. என் கணவர் நட்டது, அவருக்குப் பின் படகுக்காரர்கள் ஆண்டுதோறும் வண்ணம் பூசி வந்தது. சென்ற டிசம்பரில் நீச்சல் பகுதிக்கு இடம் ஒழுங்கு செய்தவர்கள் அதைப் பிடுங்கிவிட்டார்கள். வயதான படகுக்காரர் ஒருவர் தடுத்திருக்கிறார். “யோவ் பெரியவரே, மேப்புல ஒண்ணும் இல்ல. அப்புறம் கம்பம் எதுக்கு, காக்கா உக்காரவா?” என்று கேட்டார்களாம்.

5. அக்கம்பம் எதற்கு என்பதை எழுதுகிறேன். எனக்கு ஒரே மகள். அவளுக்குப் பதினேழு வயதானபோது, பள்ளி விளையாட்டுப் பயிற்சி முடிந்து, அதே நீல உடையில், மூன்று தோழிகளுடன் மணல்திட்டுக்கு நடந்து போனாள். நீர் வடிந்திருக்கும் பிற்பகலில் எல்லோரும் அப்படி நடப்பது வழக்கம். நானும் நடந்திருக்கிறேன். அவள் முன்னால் போனாள். பின்னால் தயங்கி நின்றவளைத் திரும்பிப் பார்த்து, “வாடி பயந்தாங்கொள்ளி, இங்க இடுப்பளவுதான்” என்று கூப்பிட்டுக்கொண்டே அடுத்த அடியை வைத்தாள். தோழிகள் மூவரும் தனித்தனியே விசாரிக்கப்பட்டபோது இதே சொற்களைத்தான் சொன்னார்கள். அவள் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள்.

தங்கள் வரைபடத்தில் அந்தக் கட்டத்தைத் தொட்டால் “1.0 மீ” என்று ஓர் எண் தோன்றுகிறது. என் மகள் உயரத்துக்கு அது இடுப்பளவு. முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே இடத்தைக் காட்டி, அதே சொல்லை, வேறு பிள்ளைகளை நோக்கி ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தினமும் காலையில் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். தினமும் அதே பதில் வருகிறது.

6. அப்பள்ளத்தை முன்பே கண்டுபிடிக்கவில்லையே என்று தாங்கள் கேட்கலாம். என் கணவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். ஆழம் அளக்கும் கோடுகள் ஐம்பது மீட்டர் இடைவெளியில் போகும். ஏழாம் கோடு பள்ளத்துக்கு ஒரு புறம், எட்டாம் கோடு மறு புறம். பதினான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு இருமுறை, அவர் படகு அதன் இரு பக்கமும் போய் வந்திருக்கிறது. விதிப்படி அவர்மேல் பிழை இல்லை என்று துறை எழுத்தில் கொடுத்தது. அந்தக் கடிதத்தை அவர் பிரிக்கவே இல்லை, நான்தான் பிரித்துப் படித்தேன். அடுத்த அளவையிலிருந்து ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே 7-அ என்று புதிதாக ஒரு கோட்டைச் சேர்த்தார். பணி ஓய்வு வரை பதினொரு ஆண்டுகள், இருபத்திரண்டு முறை, அக்கோட்டின் இருபத்துமூன்றாம் இடத்தில் படகை நிறுத்தி ஈயக்குண்டுக் கயிற்றை இறக்கினார்.

7. இனி, திரும்பப் பெற்றுக்கொள்ளும் பகுதி. தங்கள் பதில் கிடைத்ததும் மார்ச் 3 அன்று நேரில் வந்தேன். வரவேற்பு மேசையில் இருந்தவர், “பாட்டிம்மா, இதெல்லாம் கம்ப்யூட்டர் போட்டது. பள்ளம் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா, கனவுல வந்துச்சா?” என்றார். நான் அவருக்குப் பாட்டி அல்ல என்பதையும், கனவில் எதுவும் வரவில்லை என்பதையும் தெரிவித்தேன். இரண்டாவது கூற்று முழு உண்மை அல்ல. ஒரு மணி நேரம் நின்ற பின் கணினிப் பிரிவுப் பெண் ஒருவர் என்னை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் மூல ஏட்டின் படத்தைத் திரையில் திறந்து என் பக்கம் திருப்பினார்.

“பாருங்கம்மா, நாங்க எதையும் அழிக்கல. ஏட்டுலயே அந்தக் கட்டம் காலி. இருபத்திரண்டு தடவையும் காலி. காலியா இருந்தா சுத்தியிருக்கிற ஆழத்தை வச்சு மிஷினே ஒரு நம்பர் போட்டுக்கும்” என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில், “ஆனா யாரு எழுதினாங்களோ, கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா, பிரிண்டு மாதிரி” என்றார்.

ஐயா, அது என் கையெழுத்து.

8. என் கணவர் படகில் பென்சிலால் எழுதி வரும் களக் குறிப்பேடு ஈரத்தில் நைந்திருக்கும். துறைக்குச் சுத்தப்பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுத்து அவருக்கே புரியாது. நான் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள், எழுத்துக்காகப் பரிசு வாங்கியவள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பகலுணவுக்குப் பின் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அவர் வாசிக்க நான் எழுதுவேன். என் கணக்கு ஆசிரியையான கன்னிகாஸ்திரீ எங்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்: தெரியாத விடையை ஊகித்து எழுதாதே, இடத்தைக் காலியாக விடு, காலி இடம் பொய் ஆகாது. இருபத்தைந்து ஆண்டுகள் துறைக்கு நான் எழுதிய எண்களில் ஒன்றுகூட ஊகமில்லை, ஒன்றுகூட அடித்தல் இல்லை.

மகள் போன ஐந்தாம் மாதம் முதன்முறையாக 7-அ கோடு வந்தது. அவர் வாசித்தார்: “இருபத்தி ரெண்டு, ஒண்ணு புள்ளி சுழியம். இருபத்தி மூணு, பதினொண்ணு புள்ளி நாலு.” நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டது. பேனா இறங்கவில்லை. அவர் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். பிறகு, “இருபத்தி நாலு, ஒண்ணு புள்ளி சுழியம்” என்றார். அதை எழுதினேன். இருபத்திரண்டு முறையும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அந்த எண்ணைக் குரல் தாழ்த்தாமல் வாசித்தார், காத்திருந்தார், அடுத்ததற்குப் போனார். ஏட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவரும் அவரே. எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சு எழவில்லை. கம்பம் நிற்கும்வரை எண் தேவையில்லை என்று இருவரும் தனித்தனியே எண்ணியிருக்கலாம். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் அந்த மேசையைத் துடைக்கும்போது இருபத்துமூன்றுக்குப் பின் அந்த இடைவெளி எனக்குக் கேட்கிறது. அவர் இன்னும் காத்திருப்பது போலவே இருக்கிறது.

9. எனக்குத் தெரியாத விடையை நான் காலியாக விடவில்லை. தெரிந்த விடையைக் காலியாக விட்டேன். அது பொய் ஆகாது என்று முப்பத்துமூன்று ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கள் கணினி அந்தக் காலி இடத்தை நல்லெண்ணத்துடன் நிரப்பியதும்தான் அது பொய் ஆயிற்று. கணினிக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

10. களக் குறிப்பேடுகளைச் சுத்தப்பிரதி ஏற்கப்பட்டதும் எரித்துவிட வேண்டும் என்பது அன்றைய விதி. என் கணவர் எரிக்கவில்லை. இருபத்திரண்டும் எங்கள் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. இது விதிமீறல் என்பதை அறிவேன். அவற்றை ஒளிவுமறைவின்றி ஒப்படைக்கிறேன். ஒன்பதாம் குறிப்பேட்டில் ஒரு பதிவு தங்கள் அலுவலர்களின் கண்ணில் படும் என்பதால் முன்கூட்டியே விளக்குகிறேன். அடித்தரை எப்படிப்பட்டது என்று அறிய ஈயக்குண்டின் அடிக்குழியில் சவர்க்காரத்தைத் திணித்து இறக்குவார்கள். மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். சவர்க்காரம் எங்கள் வீட்டிலிருந்து போகும், நான்தான் வெட்டிக் கொடுப்பேன். அந்த முறை அடித்தரைப் பத்தியில் அவர் எழுதியிருப்பது: “கறுப்புச் சேறு. நீல நூல் ஒன்று.” அதையும் அவர் வாசித்தார். அதையும் நான் எழுதவில்லை. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

11. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்.

(அ) 27ஆம் தேதிக்கு முன், 7-அ கோட்டின் இருபத்துமூன்றாம் இடத்தில் தங்கள் அலுவலர் ஒருவர் படகில் நின்று கயிறு இறக்கி அளக்க வேண்டும். கடைசி அளவு பதின்மூன்று புள்ளி ஆறு. ஆண்டுக்கு ஆண்டு அது கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே கயிறு இருபது மீட்டராவது இருக்கட்டும். தண்ணீரில் இறங்கி நடந்து போய்ப் பார்க்க வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஆ) அளக்கும்வரை நீச்சல் பகுதியைத் திறக்கக் கூடாது என்று அதை நடத்துவோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கம்பம் இருந்த இடத்திலேயே திரும்ப நடப்பட வேண்டும். எந்த இடம் என்று படகுக்காரர்களைக் கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள்.

(இ) வரைபடம் முழுவதிலும், மனிதர் அளந்த கட்டம் எது, கணினி ஊகித்து நிரப்பிய கட்டம் எது என்பது பார்த்தவுடன் தெரியும்படி வேறு நிறமிட வேண்டும். காலியாக விட்ட கை என்னுடையது மட்டுமாக இருக்காது. மற்றவர்கள் எதற்காக விட்டார்களோ, நாம் அறியோம்.

(ஈ) கணினிப் பிரிவுப் பெண், விவரம் அறிந்து கண் கலங்கி, அவ்விடத்துக்கு என் மகளின் பெயரை வைக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். அவர் மனதுக்கு நன்றி. வேண்டாம். எண் போதும்.

12. இம்மனு தாமதமாக வருவதற்கு மன்னிப்புக் கோருகிறேன். என்மேல் துறை நடவடிக்கை எடுப்பதாயின் வீட்டிலேயே இருக்கிறேன், வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லை. ஆனால் அதை 28ஆம் தேதி தொடங்கலாம். அதற்கு முன் தங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

இருக்கும் நாட்களைக் கணக்கில் கொண்டு ஆவன செய்வீர்கள் என நம்பும்,

(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: படகுத்துறைச் சாலை
நாள்: மார்ச் 11

இணைப்பு:
(1) களக் குறிப்பேடுகள், மூலம் – 22.
(2) 7-அ கோட்டின் சுத்தப்பிரதி, புதிதாக எழுதியது – 22 பக்கங்கள். இருபத்துமூன்றாம் கட்டம் எல்லாப் பக்கங்களிலும் நிரப்பப்பட்டுள்ளது. ஒன்பதாம் பக்கத்தில் அடித்தரைப் பத்தியும் நிரப்பப்பட்டுள்ளது. அப்பக்கத்தில் எழுத்து சற்றுக் கோணலாக இருக்கும், பொறுத்தருள்க. அடித்தல் இல்லை.